வெள்ளைக்கண் ஈயும் எங்கள் மாஸ்டரும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டதும், உயர்தர வகுப்பில் விலங்கியல் மாஸ்டர் கரும்பலகையில் கீறிய இரண்டு கண்கள்தான் ஞாபகம் வந்தன. ஒன்று சிவப்புச் சோக்கு, மற்றது வெள்ளை. 1910இல் மரபியல் ஆய்வாளர் மோர்கன், தான் பழ ஈ வளர்த்த பால் போத்தல்களுக்குள் வெள்ளைக்கண் ஆண் ஈயைக் கண்ட கதையை அன்று சொன்னார். மணி அடித்தும் அவர் நிறுத்தவில்லை, நாங்களும் எழும்பவில்லை.

என் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பழ ஈக்களோடுதான் போனது. நாலே சோடி நிறமூர்த்தம், 25 பாகையில் முட்டை ஈயாக ஏறத்தாழ 10 நாள், ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான உயிர் கிடையாது. ஆனால் கலப்புக்கு இன்னும் ஆணோடு சேராத கன்னி ஈ வேண்டும், கூட்டைவிட்டு வந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். அதனால் விடியப்புறமே ஆய்வுகூடம் போய், காபனீரொட்சைட்டில் மயங்கிக் கிடக்கும் ஈக்களை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். வெளிறிய உடம்பு, வயிற்றுக்குள் ஒரு கரும்பொட்டு தெரிந்தால் அது இப்போதுதான் வந்த ஈ. ஒரு ஆண் ஈ தவறிப் புகுந்து மூன்று வார வேலை வீணாய்ப் போன நாளில் அழுதிருக்கிறேன்.

என்னை இழுத்தது ஈயின் உடலுக்குள் ஓடும் நாட்கடிகாரம் பற்றி 1971இல் ஆய்வாளர்கள் கொனோப்காவும் பென்சரும் வெளியிட்ட கட்டுரை. மரபணு பழுதான மூன்று விகாரி ஈக்கள்: ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், ஒன்றுக்கு 28, மூன்றாவதற்கு நேரக்கணக்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில்! அந்த மரபணு ஆக்கும் புரதம் இரவில் சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் போய், தன் மரபணுவையே நிறுத்தும், அப்புறம் சிதைந்துபோக மீண்டும் தொடங்கும் என்பது பிறகு தெரியவந்தது. இந்த உடற்கடிகார ஆய்வுக்கு 2017இல் ஹால், றொஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பென்சர் 2007இலும் கொனோப்கா 2015இலும் காலமாகிவிட்டார்கள், இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

முதன்முதல் நானே 19 மணி ஈயைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, முழு இருட்டில் வைத்து, அதன் நடமாட்டத்தைப் பதிந்தேன். ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் முந்தி எழும்பியது, கோடுகள் படிபோல இடப்பக்கம் சரிந்துகொண்டே போயின. அந்தப் படத்தை மாஸ்டருக்குத் தபாலில் அனுப்பினேன். அப்போது அவர் ஓய்வுபெற்று நெடுநாள். பதில் ஒரே வரியில் வந்தது: "சரி பிள்ளை, 28 மணி ஈயின் படம் எங்கே?"