கரட்டுச் செடிகளை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு

முதுகலைத் தாவரவியலின் இறுதிப் பருவ ஆய்வேட்டுக்காக, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே, ஆடு மேய்ப்பவர்களைத் தவிர வேறு யாரும் ஏறாத ஒரு கரட்டை, அதாவது சிறு பாறைக்குன்றை, எடுத்துக்கொண்டேன். உடன் படித்தவர்கள் வால்பாறை, ஆனைமலை என்று மழைக்காடுகளைத் தேடிப் போனபோது, நம் ஊர்க் கரட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்ற தயக்கம் எனக்கே இருந்தது. வீட்டிலிருந்து மொபெட்டில் இருபது நிமிடம் என்ற வசதிதான் என்னை அங்கே கொண்டு சேர்த்தது. இதே போன்ற தலைப்பை எடுக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: செடிகளை எண்ணும் முன் அவற்றின் காலடியில் உள்ள மண்ணின் ஆழத்தை அளந்துவிடுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. முதல் இரண்டு மாதமும் உசிலை, வெள்வேல், விடத்தலை, முள்கிளுவை, சதுரக்கள்ளி, பிரண்டை, கல்முளையான் என்று பெயர்ப் பட்டியல்தான் சேர்த்தேன். நெறியாளர் அதைப் புரட்டிவிட்டு, “முள்கிளுவை இங்கே நிற்கிறது, சரிம்மா, நாலடி தள்ளி ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி, மழை குறைவு என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். கரடு முழுவதும் ஒரே மழைதானே பெய்கிறது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் மண்ணின் ஆழத்தை அளக்க, கொத்தனார் ஒருவரிடம் 8 மில்லிமீட்டர் கம்பித் துண்டொன்றை வாங்கி, நுனியைக் கூராக்கி, சென்டிமீட்டருக்கு ஒரு கீறலாக ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டேன். செடிகளை எண்ணக் குறித்த ஒரு மீட்டர் சதுரத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் குத்தி, ஐந்து அளவுகளின் சராசரியை எழுத வேண்டும். கம்பி பாறையில் பட்டால் ‘ணங்’ என்று உள்ளங்கை வரை அதிரும். சரளையில் பட்டால் நறநறக்கும், விரற்கடை தள்ளிக் குத்தினால் இன்னும் இறங்கும். ஈரம் காய்ந்தபின் செவ்வல் மண் செங்கல்லாக இறுகிவிடுவதால், சனவரியில் நான் எடுத்த அளவுகள் எல்லாமே பொய். நல்ல மழை பெய்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அளந்துவிட வேண்டும். (ஆடு ஓட்டி வந்த ஆத்தா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, பாறைக்கு ஊசி போடறியா?” என்று கேட்டார்.)

அளக்கத் தொடங்கிய பிறகு கரடு வேறு மாதிரித் தெரிந்தது. வெறும் பாறையில் கற்பாசி மட்டுமே. ஒரு விரற்கடை மண் தங்கிய குழிகளில் பாசிகளும் மயில்சிகைப் பெரணியும் இருந்தன. கோடையில் சுருண்டு பழுப்பாகிச் செத்ததுபோல் கிடக்கும் அந்தப் பெரணி, மழைநீர் பட்டதும் மறுபடி விசிறியாக விரிந்து பச்சையாகிவிடும். தன் உடலின் ஈரம் ஏறத்தாழ முழுவதையும் இழந்தும் பிழைக்கும் திறனால்தான் அது அந்த ஆழத்தில் நிலைக்கிறது. மண் ஒரு சாண் அளவுக்குக் கூடும்போதுதான் கொழுக்கட்டைப் புல் தூர்விட்டு நிற்கிறது. முள்கிளுவைதான் என்னைக் குழப்பியது, ஏனென்றால் மூன்று சென்டிமீட்டர் மண்ணிலும் அது ஆள் உயரத்துக்கு நின்றது. மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தபோது, அதன் வேர் பாறை வெடிப்பு ஒன்றுக்குள் நேராக இறங்கியிருந்தது. நாலடி தள்ளி வெடிப்பு இல்லை, கிளுவையும் இல்லை. ஆகவே ஆழத்தோடு வெடிப்பையும் தனிப் பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சதுரங்களைக் குலுக்கல் முறையில் வைத்தால் பாதி வெறும் பாறையில் விழும். பாறையிலிருந்து மண்மேடு நோக்கிக் கயிறு பிடித்து, அந்தக் கோட்டின் மேல் வரிசையாக வைப்பதே இங்கே பொருந்தும். நம் பகுதிக்கு முதன்மையான மழை வடகிழக்குப் பருவமழை என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் புற்கள் பூத்திருக்கும். பூவில்லாத புல்லை இனம் காண்பது வீண் முயற்சி. இறுதிப் பருவம் தொடங்கும்போது அந்தக் காலம் முடிந்துவிடும், ஆகையால் மூன்றாம் பருவத்திலேயே களத்தில் இறங்கிவிடுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கல்லைப் புரட்டுமுன் குச்சியால் தட்டுங்கள், அடியில் சுருட்டை விரியன் இருக்கும்.

கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளை அப்படியே தாளில் வைத்து அழுத்தினால் எளிதில் காயாது. என் கல்முளையான் செய்தித்தாளுக்குள்ளேயே மூன்று வாரம் உயிரோடிருந்து துளிர்விட்டது. கொதிநீரில் சற்று முக்கி எடுத்த பிறகு அழுத்துங்கள். கள்ளிப்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள உலர்தாவரத் தொகுப்போடு மாதிரிகளை ஒப்பிடலாம். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலே இன்றும் கைகொடுக்கிறது என்றாலும், பெயர்கள் மாறிவிட்டன. அதில் அகேசியாவாக உள்ள வெள்வேல் இன்று வாசெல்லியா.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் கடலோர ஊசியிலைக் காட்டின் நடுவே, பாறை மேடுகளில் மட்டும் பாசியும் குட்டை ஓக்கும் வறண்ட புல்வெளியுமாக இருப்பது ஏன் என்று கேட்டார். அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது, மெல்லிய மண்ணால் அந்த ஈரத்தைக் கோடைவரை வைத்திருக்க முடியாது என்று சொன்னேன். அந்த மேடுகளில் கேமஸ் என்ற பூண்டு வசந்தத்தில் பூத்துவிட்டு, கோடைக்கு மண்ணுக்குள் குமிழாக ஒடுங்கிவிடும் என்று அவர் சொல்ல, நம் கரட்டு நரிவெங்காயமும் குமிழாகத்தான் வறட்சியைக் கடக்கிறது, ஆனால் அது கோடையிலேயே இலையில்லாமல் பூத்தண்டை மட்டும் நீட்டும் என்றேன். குமிழ் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது என்று உடனே கேட்டார். நரிவெங்காயம் என் சதுரங்கள் எதிலும் விழவில்லை; அதை மட்டும் நான் அளந்திருக்கவில்லை.