மேல்தளத்துக்கான நன்கொடை: நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2024, சனி

ஆடிப்பெருக்கு நாள் என்றும் பாராமல், மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பதில் நீண்ட அனுபவமுள்ள பொறியாளர் காலையிலேயே கோவைக்கு வந்து, எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தை அடி முதல் முடி வரை பார்வையிட்டார். சுவர்கள் திடமாகவே இருக்கின்றன. கேடு முழுவதும் மேல்தளத்தில்தான் என்றார். அது மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்ட தளம். தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டை ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள்.

ஒழுகலை நிறுத்துவதற்காகப் பிற்காலத்தில் யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு, ஈரத்தை உள்வாங்கினாலும் திரும்ப வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். விரிசலில் இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கி, விட்டங்களின் முனைகளை உளுக்க வைத்திருக்கிறது. சுவருக்குள் புதைந்திருந்த ஒரு முனையில் பொறியாளர் தம் பேனாக்கத்தியைக் குத்தியபோது, அது பிடி வரைக்கும் தடையின்றி இறங்கியது. வெளியே இழுத்தபோது அலகில் ஒட்டி வந்தது ஈரமான மரத்தூள்.

ஆக, கட்டடத்தைச் சீரமைக்க எங்கள் அறக்கட்டளை திரட்டும் பணத்தில் பெரும்பகுதி, கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் படவே படாத ஓர் இடத்துக்குப் போகப்போகிறது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் மூத்த மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். காபி கொடுத்து, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "புதுசா ஒரு அரங்கம் கட்டுங்க, எங்கய்யன் பேரு வெச்சு முழுச் செலவும் நானே குடுக்கறனுங்க. ஒழுகற தளத்துக்குக் குடுத்தா பேரை எங்கீங்க போடுவீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாரிக் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது இந்தப் பக்கத்தில் தலைமுறை வழக்கம். அந்தப் பெருமிதம்தான் பல கல்வி நிலையங்களை எழுப்பியது. ஆனால் 1926இல் கோவையில் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை நிறுவிய சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கென்று ஒதுக்கியதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். திறப்பு விழாவோடு முடிந்துவிடாமல், பின்னால் வரும் செலவையும் ஏற்கும் ஏற்பாடு அது. எங்கள் அறக்கட்டளையும் வருகிற நன்கொடையில் ஒரு பகுதியைப் பராமரிப்பு நிதியாக வங்கியில் நிலையாக வைத்தே ஆகவேண்டும். தளத்தைச் செப்பனிட்டுவிட்டு ஆண்டுதோறும் மழைநீர்க் குழாயில் அடைத்துக்கொள்ளும் இலைகளை அள்ள ஆள் வைக்காவிட்டால், பேரப்பிள்ளைகள் காலத்தில் மறுபடி உண்டியல் ஏந்த நேரும்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

தணிக்கையாளரோடு அரை நாள் கழிந்தது. நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தரும் வரிச் சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துபாயில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது; அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பழைய மாணவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்க முடியாது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் சீரமைப்பும் இடம்பெற்றிருப்பதால், ஆலை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம்.

1 செப்டம்பர், ஞாயிறு

இனி துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போவதைவிட, கொடுக்க மனமுள்ளவர்களை மேல்தளத்துக்கே அழைத்துச் செல்வது என்று முடிவெடுத்தது நல்ல பலன் தந்தது. திருப்பூர்க்காரரும் வந்திருந்தார். உளுத்த முனையை விரலால் நிமிண்டிப் பார்த்தவர், அதற்கு நேர்கீழே இருப்பது எந்த வகுப்பறை என்று மட்டும் கேட்டார். அவர் படித்த வகுப்பறைதான்.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர், கலவைக்கு வெல்ல நீர் தெளிப்பார்கள் என்று கேட்டதும், "வெல்லம் அத்தனையும் எங்க ஆலையில இருந்து வந்துருமுங்க" என்றார். எங்கள் பட்டியலில் அப்படி ஓர் இனமே இல்லை; இன்றே சேர்த்தோம்.

பெயர் குறித்தும் ஒரு தீர்வு எட்டினோம். சுண்ணாம்புச் சுவரில் ஆணியோ பலகையோ கூடாது என்று பொறியாளர் உறுதியாகச் சொல்லிவிட்டதால், முன்வாசலுக்கு வெளியே தனியாக ஒரு கருங்கல் நடப்படும். கொடுத்த தொகையைக் குறிக்காமல், பெயர்கள் அகர வரிசையில் இருக்கும்.

15 செப்டம்பர், ஞாயிறு

திருப்பூரிலிருந்து காசோலை வந்துவிட்டது. அந்த வகுப்பறையின் மேலுள்ள விட்டங்களை மாற்றும் செலவு முழுவதையும் அவரே ஏற்கிறார்; கல்லில் தம் பெயருக்குப் பதிலாக அவருடைய அய்யன் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

பணம் முழுதாகச் சேராவிட்டாலும் முதல் கட்டத்துக்குப் போதும். வடகிழக்குப் பருவமழையில் சுண்ணாம்புத் தளம் போட முடியாது என்பதால், இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குகிறோம். சுண்ணாம்பு எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நயமாகும் என்று மூத்த கொத்தனார் சொன்னதால், நீற்றும் தொட்டியை மட்டும் இந்த மாதமே கட்டச் சொல்லிவிட்டோம்.