நீங்களே பார்த்துச் சொல்லுங்க, சிஸ்டர்

பெங்களூர் அல்சூரில் என்னைத் தேடி வரும் தம்பதிகளில் பாதிப் பேர் உட்காரும் முன்பே கேட்பது, "பிரசவம் நீங்களே பார்ப்பீங்களா அக்கா?" என்பதுதான். இல்லை என்று சொன்னதும் முகம் வாடிவிடும். அப்புறம் எதற்கு உங்களைக் கூப்பிடுவது என்று சிலர் வாய்விட்டே கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நான் டூலா. வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பால் குடிக்கத் தொடங்கும் வரை கூடவே இருப்பேன். இடுப்பை அழுத்திவிடுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, நடக்க வைப்பது, எங்கே பிடித்துவிட வேண்டும் என்று கணவருக்குக் காட்டுவது, நர்ஸ் கன்னடத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது, எல்லாம் என் வேலை. உள்பரிசோதனை, ஊசி, மருந்து எதுவும் கிடையாது. அவை மிட்வைஃபின் பொறுப்பு. குழந்தையின் இதயத்துடிப்பைக் கணக்கு வைப்பது, பிள்ளையை வாங்குவது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்ப்பது, ரத்தப்போக்கைச் சமாளிப்பது எல்லாம் அவர்தான் செய்ய வேண்டும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நர்சிங் படித்தவர்கள் அதற்கு மேல் 18 மாதம் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்தப் பயிற்சி எனக்கு இல்லை.

ஆனால் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு ஒன்பது வருடம் இங்கே ஒரு தனியார் மருத்துவமனை லேபர் வார்டில் இருந்தவள் நான். ஒரே நேரத்தில் நான்கு பேரைப் பார்ப்பேன். யார் கையையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்ததில்லை. தொடர்ந்து ஒருத்தர் கூட இருந்தால் என்ன ஆகும் என்று 26 ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-இல் தொகுத்துப் பார்த்தது. சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று வந்தது. வார்டில் என்னால் கொடுக்க முடியாமல் போனதைக் கொடுக்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வரும்போது, வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் பழைய ஃபீட்டோஸ்கோப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மகாதேவபுரம் பக்கம் ஒரு பெண். தலைப்பிரசவம். திண்டுக்கல்லிலிருந்து அம்மா வந்திருந்தார். இரவு ஒன்பதுக்கு வலி தொடங்கி, ஒரு மணி வாக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று நெருங்கிவிட்டது. கிளம்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நர்ஸாச்சே. ஒரு தடவை நீங்களே பார்த்துச் சொல்லுங்க, சிஸ்டர்." அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. ஃபீட்டோஸ்கோப்பை எடுத்து வைத்துக் கேட்டேன். 140. "நல்லா இருக்கும்மா" என்றேன்.

வீட்டிலேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். காபி போட்டார்கள். கிளம்பும்போது மணி நான்கு. டின் ஃபேக்டரி தாண்டும்போது பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. மருத்துவமனையில் வயிற்றில் மானிட்டர் வைத்ததும் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. உடனே சிசேரியன். குழந்தை இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. இப்போது பள்ளிக்குப் போகிறது, நன்றாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார்: "சிஸ்டர் ஹார்ட்பீட் பார்த்தாங்க டாக்டர், நல்லா இருக்குன்னாங்க." குற்றம் சொல்லும் தொனியே அவரிடம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. ஒரு நிமிடம் கேட்டது அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான். வலி முறையாகப் பிடித்துவிட்டால் பதினைந்திலிருந்து முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுப்பு இல்லை, ஆனால் என் வாக்குக்கு அந்த மதிப்பு இருந்தது. முன்னாடியே போயிருந்தாலும் சிசேரியன் ஆகியிருக்கலாம். ஆனாலும் மூன்று மணி நேரம் அந்தக் குழந்தையை யாரும் கவனிக்கவில்லை. மறுநாளே ஃபீட்டோஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதனால், டூலாவைப் பார்க்கப் போகிறவர்கள் "உங்களுக்கு என்ன எல்லாம் தெரியும்?" என்று கேட்பதைவிட "எதைச் செய்ய மாட்டீர்கள்?" என்று கேட்பது நல்லது. எந்த நிலையில் எங்களைக் கிளம்பச் சொல்வீர்கள், அன்றைக்கு உங்களால் வர முடியாவிட்டால் யார் வருவார் என்றும் கேளுங்கள். டாக்டர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மிட்வைஃப் என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, பிரசவம் முடிந்து ரத்தம் நிற்காவிட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வார், நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் போன் செய்தால் எந்த டாக்டர் எடுப்பார்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெளிவாக வராவிட்டால், மற்ற பதில்கள் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நான் அவரைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிது மருத்துவமனை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47.4 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 14.3. சிக்கலான கேஸ்கள் எங்கே போகின்றன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும், சுகப்பிரசவத்துக்குப் பொறுமை இல்லாத இடத்தில் நான் எவ்வளவு இடுப்பு பிடித்துவிட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. லேபர் ரூமுக்குள் கணவர், டூலா இரண்டு பேரையும் விடுவார்களா என்பதை ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டு, உள்ளே அந்தப் பெண் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு உண்டு.

போன மாதம் மர்ஃபி டவுனில் ஒரு பெண். அவள் அம்மாவும் அதையே சொன்னார், "நீங்களே பார்த்துச் சொல்லுங்க, சிஸ்டர்." கிளம்பலாம்மா, அங்கே பார்ப்பாங்க என்றேன். வாடிய முகத்தோடுதான் வண்டியில் ஏறினார். வார்டில் நர்ஸ் குனிந்து, "நோவு பர்த்தா இதியா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஆமாம்மா, நோவுதான், நல்லா வருது" என்று அம்மாவே பதில் சொல்லிவிட்டார். நர்ஸ் துடிப்பைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் அந்தப் பெண்ணின் இடுப்பில் கை வைத்தேன்.