பூட்டில் இருந்த பெயர்

"அண்ணே, பூட்டு கிடக்கு. அக்கா பேருதான் இருக்கு. எடுத்துரவா?"

"எடுத்துரு."

நடந்த பேச்சு இவ்வளவுதான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வரி உண்டு. எங்கள் சர்வர்களின் அமைப்பை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு அது. அதில் முட்டி நின்ற தம்பி, திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே தொலைபேசியில் வாசித்தான்: பூட்டின் எண், என்ன வேலை, யார், எத்தனை மணிக்கு. 'யார்' என்ற இடத்தில் அக்காவின் பெயரும், அதை ஒட்டி ஒரு கணினியின் பெயரும் இருந்தன. அது அவருடைய மடிக்கணினியின் பெயர் அல்ல, நாங்கள் எல்லோரும் நுழைந்து வேலை செய்யும் தொலைவுச் சர்வரின் பெயர். அதையும் அவன் வாசித்தான். என் காதில் விழத்தான் செய்தது.

அன்று ஜூன் 14. நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. விடிந்தால் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். ஐஸ் முன்பதிவும் படகுக்காரர்களின் முன்பணக் கணக்கும் எங்கள் செயலியில்தான் ஓடுகின்றன. கூட்டம் தாங்காது என்பதால், ஒரே சமயத்தில் ஓடும் செயலியின் பிரதிகளைக் கூட்டச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருந்தேன். கீழக்கரையிலிருந்து வேலை பார்க்கும் அக்கா அதற்குச் சற்று முன்புதான் புதிய தரவுத்தளத்தை உருவாக்கும் டெராஃபார்ம் அப்ளையைத் தொடங்கியிருந்தார். எழுதிவைத்தபடி சர்வர்களையும் தரவுத்தளங்களையும் உருவாக்கும் கருவி டெராஃபார்ம்; அதைச் செய்யச் சொல்லும் கட்டளை அப்ளை. அங்கே மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது, அவருடைய கைபேசியும் எடுபடவில்லை. கரண்டு போனதும் அவருடைய வேலை பாதியில் அறுந்து, பூட்டு மட்டும் அநாதையாகக் கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். அவர் மடிக்கணினியில் ஓட்டியிருந்தால் அந்த முடிவு சரிதான். தொலைவுச் சர்வரில் ஓடும் வேலைக்குக் கீழக்கரையில் மின்சாரம் இருந்தால் என்ன, போனால் என்ன?

எதையெல்லாம் உருவாக்கியிருக்கிறது என்று டெராஃபார்ம் வைத்துக்கொள்ளும் பதிவுக்கு ஸ்டேட் என்று பெயர். எங்கள் ஸ்டேட்டை நாங்கள் குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குள்ளேயே, அதாவது செயலிகளை ஓட்டும் கணினிக் கூட்டத்துக்குள்ளேயே, சீக்ரெட் என்ற பொருளாக வைத்திருந்தோம். டெராஃபார்ம் அதற்கான பூட்டை லீஸ் என்ற பொருளாக எழுதுகிறது. குபர்னெட்டிஸில் ஒவ்வொரு நோடும், அதாவது கூட்டத்திலுள்ள ஒவ்வொரு கணினியும், தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல இதே வகை லீஸைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது இயல்பாகப் பத்து விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும், புதுப்பிப்பு நின்றால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். டெராஃபார்மின் லீஸை யாரும் புதுப்பிப்பதில்லை. பிடித்தவர் வேலையில் இருந்தாலும், செத்துப்போயிருந்தாலும், அது ஒரே மாதிரி கிடக்கும். அதற்குள் ஆளைப் பற்றிச் சொல்லும் ஒரே சாட்சி, தம்பி வாசித்த அந்தப் பெயர்.

இரண்டாவது வாய்ப்பும் வந்தது. பூட்டை எடுத்த பின், என்னென்ன மாறும் என்று டெராஃபார்ம் முன்கூட்டியே தரும் பட்டியலான பிளானை அவன் காட்டினான். பிரதிகளின் மாற்றத்தோடு புதிதாக ஒரு தரவுத்தளமும் உருவாகும் என்று அதில் இருந்தது. அக்காவின் வேலை அறுந்துபோயிருந்தால் அப்படித்தானே வரும் என்று நினைத்தேன். என் தவறான முடிவுக்கு அந்தப் பிளான் ஒரு சான்றாகவே தெரிந்தது. இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இதில் என்னைக் குற்றம் சொல்ல இன்றும் எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை.

இரண்டு அப்ளையும் ஒரே சமயத்தில் ஓடின. பெயரின் வாலில் தானாக ஓர் எண் சேரும்படி எழுதியிருந்ததால், மோதல் எதுவும் வராமல் இரண்டு தரவுத்தளங்கள் பிறந்தன. அக்காவுடையது முதலில் முடிந்தது. பூட்டின் எண் பொருந்தவில்லை என்று கடைசியில் வந்திருந்த பிழையை, கரண்டு வந்த பின் பார்த்து, இணைப்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அவர் பழைய கணக்குகளையெல்லாம் தன்னுடைய தரவுத்தளத்தில் ஏற்றினார். பின்னால் முடிந்த தம்பியின் அப்ளை ஸ்டேட்டை மேலெழுதி, செயலியை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டது. அது காலியாக இருந்தது.

விடியற்காலை ஐஸ் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு படம் வந்தது. படகுக்காரர் ஒருவர் மே மாதம் கட்டிய முன்பணத்தின் ரசீதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். நான்காக மடித்துப் பிரித்த காகிதம். மடிப்பில் மை அழிந்திருக்கிறது. திரையில் அவருடைய இருப்பு பூஜ்யம். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டுக் கடலுக்குப் போகிற மனிதருக்கு நாங்கள் காட்டிய எண் அது. அங்கிருந்த கணக்கர் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஐஸைக் கொடுத்துவிட்டார். அவர் எங்கள் திரையை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சரிசெய்வது பெரிய வேலையாக இல்லை. காலியானதை ஸ்டேட்டிலிருந்து நீக்கி, அக்காவினுடையதை இம்போர்ட் செய்து, அதாவது ஸ்டேட்டில் சேர்த்து, அன்று காலையில் சேர்ந்த பதிவுகளைக் கையால் மாற்றினோம். ஆனால் அக்கா எழுதிய ஸ்டேட்டின் பழைய பிரதி எங்கும் இல்லை. சீக்ரெட்டாக வைக்கும் முறையில் முந்தைய பதிப்புகள் தங்குவதில்லை. தனிக் கணக்கு வேண்டாம், பூட்டு கூடவே வருகிறது, அனுமதிகளும் ஏற்கெனவே கிளஸ்டரில் இருக்கின்றன என்று அந்த ஏற்பாட்டைத் தேர்ந்தவன் நான். அதனால் அடுத்த வாரமே பழைய பதிப்புகளைக் காக்கும் வெளிச் சேமிப்புக்கு ஸ்டேட்டை மாற்றினோம். மாற்றியது சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் ஸ்டேட் அன்று அங்கேயே இருந்திருந்தாலும் பூட்டை எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். சேமிப்பிடத்தைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசிய நான், தொலைபேசியில் கேட்ட அந்தப் பெயரைப் பற்றி ஒன்றிலும் பேசவில்லை.

பிடித்தவரிடம் பேசாமல் யாரும் பூட்டை எடுக்கக் கூடாது என்று ஒரு விதியும் போட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள், எடைபோடும் செயலி நின்றுபோய், பூட்டைப் பிடித்தவர் ரயிலில் சிக்னல் இல்லாமல் இருக்க, தம்பி விதிப்படி இரண்டு மணி நேரம் காத்திருந்தான். மண்டபம் இறங்குதளத்தில் கூடைகளில் மீன் கிடந்தது. அந்தப் பூட்டுக்குள் யாரும் இல்லை, எடுத்திருக்கலாம். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அன்றிரவு நடந்ததைப் பற்றிய அறிக்கையில் "பூட்டு தவறுதலாக நீக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். யார் நீக்கியது என்று அதில் இல்லை. கட்டளையைத் தட்டியது தம்பி என்பது பதிவேட்டில் இருக்கிறது. சென்ற வாரம் அவன் கேட்டான்: "அண்ணே, அன்னைக்கு நான் இன்னொரு தடவை சத்தமா வாசிச்சிருக்கணுமோ?" நீ வாசித்தது எனக்குக் கேட்டது என்று சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அறிக்கையைத் திறந்து அந்த வாக்கியத்தில் என் பெயரைச் சேர்த்தேன்.