அரசியல் அறிவியல் படிப்பு: முறையியலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் சேருபவர்களில் பலர் அரசியலைப் பேசும் ஆர்வத்தோடு வருகிறார்கள். அந்த ஆர்வம் தேவைதான். ஆனால் அங்கே சொல்லித்தரப்படுவது, ஒரு கருத்தைச் சான்று கொண்டு சோதித்துப் பார்க்கும் வேலை. அதனால் கட்டாயம் என்றாலும் இல்லையென்றாலும், புள்ளியியலையும் ஆய்வு முறையியலையும் இரண்டாம் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். இறுதியாண்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டே ரிக்ரஷன் (ஒரு காரணி மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை) கற்றுக்கொள்வது பெரும் பாடு.

அறிமுகப் பாடங்களில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் விரிவுரை இருக்கும். அதோடு வாரம் ஒருமுறை சிறு குழுவாகக் கலந்துரையாடல் வகுப்பு. அதை நடத்துபவரும் உங்கள் கட்டுரையைத் திருத்துபவரும் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள்தான். மதிப்பெண் பற்றிய கேள்வியை முதலில் அவர்களிடம் கேளுங்கள். பேராசிரியரின் சந்திப்பு நேரத்தை வாசித்ததைப் பற்றிப் பேசப் பயன்படுத்துங்கள். தேர்வு நெருங்கும்வரை அங்கே கூட்டமே இருக்காது.

வாசிப்புப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க நினைத்தால் மூன்றாவது வாரத்திலேயே பின்தங்கிவிடுவீர்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் சுருக்கம், முன்னுரை, முடிவுரை, பிறகு முக்கியமான அட்டவணை என்ற வரிசையில் போங்கள். கேள்வி என்ன, ஆசிரியர் எதை எதோடு ஒப்பிடுகிறார், எந்தச் சான்று கிடைத்திருந்தால் அவர் வாதம் பொய்த்திருக்கும் என்று மூன்று வரி குறித்துவையுங்கள். அரசியல் கோட்பாட்டுப் பாடத்துக்கு மட்டும் இது உதவாது. அங்கே இருபது பக்கத்தை இரண்டு முறை நிதானமாகப் படிப்பதே வழி.

ஆய்வேட்டில் பலர் சறுக்குவது கேள்வியில். "புரட்சிகள் ஏன் வெடிக்கின்றன?" என்று எடுத்துக்கொண்டு, புரட்சி நடந்த நாடுகளை மட்டும் ஆராய்வார்கள். அந்த நாடுகளில் எல்லாம் வறுமை இருந்தது என்று காட்டினாலும் ஒன்றும் நிரூபணமாகாது. புரட்சி நடக்காத நாடுகளிலும் அதே வறுமை இருந்திருக்கலாம். விளைவு நிகழ்ந்த இடம், நிகழாத இடம் இரண்டும் வேண்டும்.

நல்ல கேள்விக்கு ஒரு உதாரணம்: அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் ஒற்றை உறுப்பினர் தொகுதி முறை, இரு கட்சி அமைப்புக்கு இட்டுச்செல்லும் என்பது பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1951-இல் முன்வைத்த கருத்து. இந்தியாவிலும் கனடாவிலும் அதே தேர்தல் முறைதான். தேசிய அளவில் கட்சிகளோ பல. ஏன்? இதற்குக் கட்சிகளை வெறுமனே எண்ணினால் போதாது. ஒவ்வொரு கட்சியின் வாக்குப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் 1-ஐ வகுக்க வேண்டும். 60, 30, 10 சதவீதம் என்றால் 0.36 + 0.09 + 0.01 = 0.46; விடை, அதாவது உண்மையில் எடையுள்ள கட்சிகளின் எண்ணிக்கை, சுமார் 2.17. பெயருக்கு மூன்று கட்சி, உண்மையில் போட்டி இரண்டுக்கு நடுவேதான். தொகுதிவாரியாக ஒரு முறை, நாடு முழுவதற்கும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்; ஆய்வேடு அங்கேதான் பிறக்கும்.

அடுத்த இடறல், தரவுகளை இணைப்பது. நாட்டின் பெயரை வைத்து ஒருபோதும் இணைக்காதீர்கள்; ஒரு கோப்பில் ஐவரி கோஸ்ட், இன்னொன்றில் கோட் டிவ்வார் என்றிருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் தரப்படும் குறியீட்டு எண்ணை வைத்து இணைத்தாலும் கவனம் தேவை. போர்த் தரவுகளுக்குப் பெயர்போன கோரிலேட்ஸ் ஆஃப் வார் திட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு 260, 1990-இல் கிழக்கும் மேற்கும் ஒன்றான பிறகான ஜெர்மனிக்கு 255. வேறு தொகுப்புகளில் இரண்டுக்கும் ஒரே குறியீடு இருக்கும். கவனிக்காமல் இணைத்தால் பனிப்போர்க் கால வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், அல்லது 1990 இரண்டு முறை வரும். மென்பொருள் பிழை எதுவும் காட்டாது. இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுங்கள், பொருந்தாதவற்றைத் தனியே பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். மூலக் கோப்பில் கைவைக்காமல், எல்லா மாற்றத்தையும் நிரலாக எழுதிவையுங்கள்.

நேர்காணலோ கருத்துக்கணிப்போ நடத்துவதென்றால், முதல் ஆளிடம் பேசுவதற்கு முன்பே ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், பதிவுகளை எங்கே எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்ற விவரம் மூன்றையும் கேட்பார்கள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவது சகஜம். அதற்கும் சேர்த்து சில வாரங்கள் ஒதுக்குங்கள். "என் ஆய்வுக்கு விலக்கு உண்டு" என்று நீங்களே தீர்மானிக்க முடியாது, அதையும் குழுதான் சொல்ல வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலை எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் பரிந்துரைக் கடிதம் பேராசிரியரிடமிருந்து வருவதே நல்லது. முந்நூறு பேர் வகுப்பில் அவருக்கு உங்களைத் தெரிய வாய்ப்பில்லை. மூன்றாம் ஆண்டிலேயே சிறிய செமினார் ஒன்றை எடுங்கள், அல்லது அவருடைய ஆய்வில் தரவு குறியிடும் உதவியாளராகச் சேருங்கள். கடிதம் கேட்கும்போது, அவர் திருத்திய உங்கள் கட்டுரையையும் கடைசித் தேதியையும் சேர்த்தே அனுப்புங்கள்.