புகையைப் பாருங்க சார்

2025 மே 8. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அன்று ராத்திரி சில செய்தி சேனல்களில் பாகிஸ்தானின் கராச்சி துறைமுகம் எரிவதாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படி எதுவும் எரியவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் என் பங்குக்கு நானும் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைத் தட்டிவிட்டிருந்தேன். இருட்டு வானத்தில் ஒரு விமானத்தைக் கீழிருந்து விடாமல் சுடும் காட்சி. நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த ஒரு பையனிடம் அதைக் காட்டினேன். வரலாற்றில் 51 வாங்கியவன். நான் நடத்திய பாடம்தான்.

"சார், இது ஆர்மா 3."

"அப்படின்னா?"

"கேம் சார். புகையைப் பாருங்க, ஒட்டி வெச்ச மாதிரி நிக்குது. ஒரு ஆள்கூட ஓடல."

வீட்டுக்குப் போய்த் தேடினேன். செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ் தயாரித்த விளையாட்டு. உக்ரைன் போர்க் காட்சிகள் என்று அதை உலகமே பகிர்ந்ததால், போலியைக் கண்டுபிடிக்கும் அடையாளங்களை 2022 நவம்பரில் அந்த நிறுவனமே வெளியிட்டிருந்தது: மங்கலான படம், ஆடும் கேமரா, இருட்டு, சத்தமின்மை, நடமாட்டமே இல்லாத இடம். குழுவில் மன்னிப்புக் கேட்டுப் போட்டேன். அதற்கு யாரும் கைகூப்பவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த அடையாளங்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதினேன். தினம் பத்து நிமிடம், ஒரு வீடியோ. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த காட்சி, மே மாதம் பாகிஸ்தான் ஏவுகணைத் தாக்குதல் என்று சுற்றியது. ஒரு படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்தது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டதும் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்தது. பிள்ளைகளுக்குக் குஷி. பாடத்தில் வராத வேகம் இதில் வந்தது. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஜூன் 22இல் ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியது. மறுநாள் கத்தாரில் உள்ள அமெரிக்காவின் அல் உதெய்த் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. நம்மூரில் மணி பத்தைத் தாண்டியிருக்கும். வகுப்புக் குழுவில் ஒரு மாணவி வீடியோ போட்டாள். கறுத்த வானத்தில் இரண்டு மூன்று வெளிச்சப் புள்ளிகள் மேலேறி வெடிக்கின்றன. அவ்வளவுதான். அடியில் வரிசையாகப் பதில்: "ஃபேக்." "கேம்டி இது." "சார் சொன்ன அஞ்சும் இருக்கு."

நானும் எண்ணிப் பார்த்தேன். இருட்டு, மங்கல், ஆடும் கேமரா, ஆளில்லை, சத்தமில்லை. அஞ்சும் இருந்தன. பதில் எதுவும் எழுதாமல் தூங்கப் போய்விட்டேன். மே மாதம் சூடுபட்ட பூனை.

காலையில் அவள் வகுப்புக்கு வெளியே நின்றிருந்தாள். "அது எங்க அப்பா எடுத்தது சார். தோஹால மொட்டை மாடிலேர்ந்து. அப்பாகிட்ட பேசிட்டு இருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சு. இவங்க கேம்ங்கறாங்க."

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"விடிகாலைல பேசினார் சார்."

கத்தார் வான்வெளியை மூடியது அன்றைய பேப்பரில் இருந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கரும்பலகையில் நான் எழுதிவைத்த ஐந்து வரிகளும் அப்படியே இருந்தன. அடுக்கிவைத்த அந்த அடையாளங்களில், எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு இடமே வைக்கவில்லை நான்.

மாட்டியிருந்த உலக வரைபடத்தில் கத்தாரைக் காட்டச் சொன்னேன். "கேம்டி" என்று எழுதிய பையன் வந்து ஓமன் மேல் விரல் வைத்தான். அவள் எழுந்து வந்தாள். அவன் விரலைப் பிடித்து மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.