படிக்கத் திணறுகிறவன் கையில் படிவத்தைத் திணிக்கிறார்கள்

ஒருவழியாக இரண்டு ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டன. ஒன்று டிஸ்லெக்சியாவுக்கு, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் குறைபாட்டுக்கு. இன்னொன்று தூக்கத்துக்கு. அதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கெட்ட கனவுகள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்கிறார்கள், எழுத்துகள் பக்கத்தை விட்டு இறங்கி என் கைமேல் ஊர்ந்து ஏறுகின்றன. இந்த ஒரு கனவு வருடக்கணக்கில் துரத்தியது. பதின்வயதில் அமுக்குவானும் சேர்ந்துகொண்டது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை கால் அசையாது. நெஞ்சின்மேல் ஒரு பாரம், கதவோரம் யாரோ நிற்கிற மாதிரி. கத்தினால் சத்தம் வராது.

முதலில் பார்த்த டாக்டர் பாதி கேட்டதுமே "டென்ஷன்தான்" என்று மாத்திரை எழுதிவிட்டார். ராத்திரி எந்த நேரத்தில் வருகிறது, காலையில் ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்டார். தூக்கத்தின் முதல் பகுதியில் அலறி எழுந்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது வேறு வகை. விடியும் பக்கம் வந்து, காட்சி காட்சியாக ஞாபகம் இருந்தால் அது ரெம் தூக்கத்துக் கனவு. ரெம் என்பது மூடிய கண் வேகமாக அசையும், கனவு அதிகம் வரும் தூக்கக் கட்டம். எனக்கு இரண்டாவது. பகலிலும் தூங்கி வழிகிறேன் என்றதும், நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) இல்லை என்று உறுதி செய்யத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கூத்து அங்கேதான். எழுத்து என்றாலே தடுமாறுகிறவன் என்று சீட்டில் தெளிவாக இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு கட்டுத் தாளை நீட்டி, "எல்லாம் அதுலயே போட்டிருக்கு சார், படிச்சுப் பாருங்க" என்றார். "முக்கியமானதை மட்டும் வாயால சொல்லிடுங்களேன்" என்றேன். "எல்லாமே முக்கியம்தான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

முக்கியமானது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மனச்சோர்வு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். அந்த மாத்திரைகள் ரெம் தூக்கத்தை அடக்கிவிடும், சோதனை முடிவு தப்பாக வரும். தலையில் ஒட்டும் வயர்களோடு வந்து நின்றபிறகுதான் டெக்னீஷியன் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் வயரைச் சுருட்டிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீடு திரும்பினேன். அதனால் போகப்போகிறவர்கள் மாத்திரைப் பட்டியலைத் தேதி வாங்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், ஒட்டாது.

மறுமுறை சோதனை நல்லபடியாக முடிந்தது. ராத்திரி முழுக்கப் பதிவு, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டித் தூக்கம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிப்போய், இரண்டு முறையாவது நேராக ரெம்முக்குள் போனால்தான் நார்கோலெப்சி என்று சந்தேகப்படுவார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்ணும் உதரவிதானமும்தான் விதிவிலக்கு. அந்த நிலை விலகுவதற்குள் மூளை விழித்துவிடுகிறது, அமுக்குவான் என்பது அவ்வளவுதான். ஆளை ஒன்றும் செய்யாது. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்தபிறகு எனக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது.

டிஸ்லெக்சியா சோதனைக்குப் போன இடத்தில் வேறு பாட்டு. "வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு எதுக்கு இது? சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே பண்ணுவாங்க?" பெரியவர்களுக்கும் உண்டு, விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் பழைய பள்ளி ரிப்போர்ட் கேட்டார்கள். வீட்டுப் பரணையே கவிழ்த்துத் தேடியதில் ஒரே ஒரு அட்டை கிடைத்தது. அதில் ஆசிரியர் கையெழுத்தில்: "புத்திசாலி. ஆனால் வாசிப்பில் அக்கறை இல்லை." அன்றைக்கு அடி வாங்கித் தந்த வரி, இன்றைக்குச் சான்றாகிவிட்டது.

சோதனையில் அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். தெரிந்த சொல்லை அதன் உருவத்தை வைத்து ஊகித்துச் சமாளிக்கும் நம் வித்தை அங்கே செல்லாது. வேர்த்துவிட்டது. உளவியலாளர் மட்டும் நல்ல மனுஷி. டிஸ்லெக்சியா அமுக்குவானுக்குக் காரணமில்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று பொறுமையாக விளக்கினார். கனவுக்கும் ஒரு பயிற்சி சொன்னார்: விழித்திருக்கும்போது கனவின் போக்கை மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "எழுதணுமா?" என்றேன். சிரித்துவிட்டு, போனில் பேசிப் பதிவு செய்தால் போதும் என்றார்.

ரிப்போர்ட்டையும் அவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கூசாமல் கேளுங்கள். இனி துறைத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்க வேண்டும். அதற்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கும் விண்ணப்பத்தைக் கையால்தான் நிரப்ப வேண்டுமாம்.